முப்பத்து நான்கு மதிப்பெண் பாடம்

தம்பி, அந்தப் பென் டிரைவை இன்னும் செருகவில்லைதானே? நல்லது. செருகுமுன் ஒரு நிமிடம் எனக்குக் கொடுங்கள். ஒரு நிமிடம் என்பது ஒரு பேச்சுக்கு. விஷயம் விளங்கவேண்டுமென்றால் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்கவேண்டும். நீங்கள் உட்காருங்கள். நான் நின்றே பேசிப் பழகியவன்.

நான் பெண்ணுக்கு அப்பா. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், இதே விருத்தாசலத்தில்தான். நீங்கள் எந்தப் பள்ளியில் படித்தீர்கள்? அப்படியா. அப்போது என்னிடம் படிக்கவில்லை. படித்திருந்தால் இந்த மைக் செட் ஒயரை இப்படிச் சுற்றியிருக்க மாட்டீர்கள். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கண்ணில் பட்டது, சொன்னேன்.

இன்னும் சற்று நேரத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் மணையில் உட்காரவைத்து நலங்கு வைக்கப்போகிறார்கள். அப்போது நீங்கள் அந்தப் பென் டிரைவில் இருக்கிற பாட்டுகளைப் போடவேண்டும். பாடியிருப்பது என் மனைவி புஷ்பவல்லி. பாட்டுகளின் நடுவே அங்கங்கே ஓர் ஆண் குரல் வரும். "பெயில்" என்று சொல்லும். வேறு சிலவும் சொல்லும். அது என் குரல். அதை மட்டும் வெட்டி எடுத்துவிடவேண்டும். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

வெட்டக்கூடாதா? யார் சொன்னது? அம்மாவா? எப்போது வந்தாள்? "சார் வந்து எதையாச்சும் வெட்டச் சொல்லுவார், வெட்டிடாதீங்க" என்று அதே சொற்களில் சொன்னாளா? சரி. அவள் பக்கத்தைக் கேட்டுவிட்டீர்கள். இனி என் பக்கத்தைக் கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்டு முடிவெடுப்பது நியாயமில்லை.

புஷ்பவல்லி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். டிரங்க் கால் காலம். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரை ஊரோடு இணைத்துக்கொண்டிருப்பாள். இந்த ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, குரல் தெரியும். கடைத்தெருவில் தக்காளி விலை கேட்டால் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "நீங்க டெலிபோன் அம்மாதானே" என்பார். அந்தக் குரலில்தான் நலங்கு பாடுவாள். தெரிந்த வீட்டில் கல்யாணம் என்றால் முதல் பத்திரிகை சாமிக்கு, இரண்டாவது அவளுக்கு. மாப்பிள்ளையைப் பற்றி நாலு விஷயம் விசாரிப்பாள். என்ன சாப்பிடுவான், எதற்குக் கோபம் வரும், அம்மா எப்படி, அக்காள் தங்கை உண்டா. உலை கொதிக்கிற நேரத்தில் பாட்டு தயாராகிவிடும். மாப்பிள்ளை வீட்டாரை அவள் கேலி பண்ணுகிற பண்ணில் மண்டபமே புரளும் என்று சொல்வார்கள்.

சொல்வார்கள் என்றுதான் சொல்கிறேன். நான் உட்கார்ந்து கேட்டதில்லை. நலங்கு என்பது பெண்கள் விஷயம். அந்த நேரத்தில் நான் பின்கட்டில் வாழையிலை சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். யாராவது பார்க்கவேண்டுமே.

மாசி மாதம் அவள் கழுத்தில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. தைராய்டு. கடலூரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். பயப்படுகிற கட்டியில்லை, ஆனால் எடுக்கத்தான் வேண்டும் என்றார். குரலுக்குப் போகிற நரம்பு அதை ஒட்டியே போகிறது, கவனமாகத்தான் செய்வோம், இருந்தாலும் குரல் மாறலாம், மேலே போகாமல் நின்றுவிடலாம், இப்போது எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பங்குனிக் கடைசியில் நாள் கொடுத்தார். எங்கள் குழலிக்கு ஆவணியில் கல்யாணம் என்று அப்போதே நிச்சயமாகியிருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது நெய்வேலி தாண்டியதும் புஷ்பவல்லி என் பக்கம் திரும்பினாள். அப்புறம் சொன்னாள்.

"ஊர்ப் பொண்ணுங்களுக்கெல்லாம் பாடிட்டேன். எம் பொண்ணு நலங்குல நான் வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாது."

"ஆயிருச்சுன்னா? அதுக்குள்ள பாடி வச்சிரணும். செல்போன்ல வேணாம், காத்துச் சத்தம்தான் பெருசா கேக்குது. கம்ப்யூட்டர்ல ஒழுங்காப் பதியறதுக்கு ஏதோ இருக்காமே. குழலிகிட்டக் கேக்கணும்."

"அத நான் பாத்துக்கறேன்," என்றேன்.

பொறுப்பை எடுத்துக்கொண்டவன் நான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழலி சென்னையிலிருந்து போனில் சொல்லச் சொல்ல, பாட்டுப் பதிவு செய்கிற அந்த மென்பொருளை இறக்கி ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டரில் போட்டேன். திறந்து பார்த்தால் ரயில் எஞ்சினுக்குள் ஏறி நின்ற மாதிரி இருந்தது. திரும்பின பக்கமெல்லாம் பொத்தான். "யூடியூப்ல சொல்லிக் குடுக்குறாங்கப்பா, நெறைய வீடியோ இருக்கு" என்றாள். போய்ப் பார்த்தேன். நிறைய இருந்தது. சிக்கலே அதுதான்.

வேறு ஆளாக இருந்தால் முதலில் வந்து நிற்கிற வீடியோவை அமுக்கிக் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருப்பார். நான் அப்படிச் செய்யமாட்டேன். தப்பான வாத்தியாரிடம் கற்றுக்கொண்டதை மறப்பதற்கு, கற்றுக்கொண்டதைப் போல இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். ஒன்பதாம் வகுப்பில் யாரோ கெடுத்து அனுப்பிய பிள்ளைகளைப் பத்தாம் வகுப்பில் வாங்கிக்கொண்டவனுக்கு இது தெரியும். ஆகவே முதலில் வாத்தியாரைத் தேர்ந்தெடுக்கவேண்டும். தேர்ந்தெடுப்பதென்றால் மதிப்பிடவேண்டும். மதிப்பிடுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாமில் முதன்மைத் தேர்வாளராக இருந்தவன் நான்.

உடனே பக்கிரிசாமிக்குப் போன் போட்டேன். பக்கிரிசாமி எங்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். முகாமில் கூர்ந்தாய்வாளராக இருந்தவர். அதாவது, நாங்கள் திருத்திய தாளை மறுபடி கூட்டிப்பார்த்து, விட்டுப்போனது எதுவும் உண்டா என்று பார்க்கிறவர்.

"எத்தன வீடியோ சார்?" என்று கேட்டார்.

"இப்போதைக்கு ஒரு கட்டு இருக்கு. இன்னும் வரும்."

"கூலி?"

"காப்பி."

"முகாம்ல குடுத்தாங்களே, அந்தக் காப்பியா?"

"வீட்டுக் காப்பி."

"அப்படின்னா வரேன் சார்."

மறுநாள் காலையிலிருந்து ஹாலில் முகாம் தொடங்கியது. மென்பொருளோடு வருகிற உதவிக்குறிப்பு முழுவதையும் அச்செடுத்துவந்து, அதை வைத்து விடைக்குறிப்பு தயாரித்தேன். காப்பி கொண்டுவந்த புஷ்பவல்லி அதைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கே இது தெரியாது. தெரியாதத எப்படித் திருத்துவீங்க?" என்று கேட்டாள். திருத்துகிறவனுக்கு விடை தெரிந்திருக்க வேண்டியதில்லை, விடைக்குறிப்பு இருந்தால் போதும் என்று விளக்கினேன். பக்கிரிசாமி தலையாட்டினார். அவர் ஒரு வருஷம் தாவரவியல் திருத்தியிருக்கிறார்.

"வீடியோவப் பாத்து நீங்களே கத்துக்கிட்டு, எனக்கு ஒரு வார்த்தை சொன்னாப் போதாதா?"

"முறைன்னு ஒண்ணு இருக்கு புஷ்பா."

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

முகாமில் முக்கியமானது டம்மி நம்பர். தாள் யாருடையது என்று திருத்துகிறவனுக்குத் தெரியக்கூடாது. பெயரையும் பதிவெண்ணையும் மறைத்துவிட்டு வேறொரு எண் போட்டுத்தான் கொடுப்பார்கள். இந்த வீடியோக்காரர்களோ திரையின் கீழ் மூலையில் ஒரு கட்டத்துக்குள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே பாடம் நடத்துகிறார்கள். முகத்தைப் பார்த்தால் மதிப்பெண் தானாக விழும். மனித இயல்பு. ஆகவே ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, முகமும் பெயரும் தெரியாதபடி திரையின் கீழ்ப்பகுதியை மறைத்து ஒட்டினேன். வீடியோவை ஓடவிட்டு, அட்டையின்மேல் பக்கிரிசாமி பென்சிலால் டம்மி நம்பர் எழுதுவார். அப்புறம்தான் நான் வந்து உட்காருவேன். அவர் எழுதி முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என்ன சிரிப்பு? பாரபட்சம் இல்லாமல் இருப்பது அவ்வளவு சுலபமில்லை தம்பி.

எத்தனை விதமான வாத்தியார்கள் என்று நினைக்கிறீர்கள். ஒருவர் பாடத்தைத் தொடங்குமுன் தாம் எப்படி இசைத்துறைக்கு வந்தார் என்று சொன்னார். அவர் வருவதற்குள் வீடியோ பாதி முடிந்துவிட்டது. அறிமுகத்துக்கு விடைக்குறிப்பில் மதிப்பெண் இல்லை. ஒருவர் ஆங்கிலத்தில், தண்டவாளத்தில் போகிற மாதிரி பேசினார். பொத்தானை எப்போது அமுக்கினார், எப்போது கையை எடுத்தார் என்றே தெரியவில்லை. ஒருவர் இந்தியில் நடத்தினார். எனக்கு இந்தி தெரியாது, ஆனால் படிப்படியாகப் போனார் என்பது தெரிந்தது. படிகளுக்கு மதிப்பெண் கொடுத்தேன். இன்னொருவர் ஒவ்வொன்றுக்கும் "இது உங்களுக்கே தெரியும்" என்று சொல்லிக்கொண்டே போனார். எனக்குத் தெரியும் என்றால் உன்னிடம் ஏன் வருகிறேன் என்று பக்கிரிசாமி கேட்டார். நியாயமான கேள்வி. "பத்தே நிமிடத்தில் முழுப் பாடமும்" என்று தலைப்பு வைத்தவருக்குப் பார்க்காமலேயே பூஜ்யம் போட்டேன். அது கொள்கை.

முகாம் வழக்கப்படி மதிப்பெண்ணை உரக்க வாசிக்கவேண்டும். நான் வாசிப்பேன், பக்கிரிசாமி திருப்பிச் சொல்லுவார். தினமும் சாயங்காலம் அதுவரை போட்ட பட்டியல் முழுவதையும் இன்னொரு தரம் வாசிப்போம். "படிகள் இல்லை. விடை மட்டும்தான் இருக்கு." "விடை மட்டும்தான் இருக்கு." "கூட்டல் சரி." "கூட்டல் சரி." என் குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் போன குரல். ஹாலில் சொன்னால் கொல்லையில் கேட்கும்.

புஷ்பவல்லி அந்த நாட்களில் பெரும்பாலும் உள் அறையில்தான் இருந்தாள். கதவைச் சாத்திக்கொள்வாள். ஒருநாள் கண்ணாடி எடுக்கப் போனேன். பங்குனி வெயிலில், ஜன்னலெல்லாம் சாத்தி, சுவரோரம் மெத்தையை நிமிர்த்தி வைத்து, ஜமக்காளத்தைத் தலைவரை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் குழலியின் பழைய லேப்டாப். "குளிருதா?" என்றேன். "இல்ல" என்றாள். உடம்பு முடியாதவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். தொந்தரவு செய்யாமல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

இப்போது அந்த முப்பத்து நான்குக்கு வருகிறேன்.

ஒரு வீடியோ. பேச்சைப் பார்த்தால் தேனிப் பக்கத்துப் பெண் மாதிரி இருந்தது. நன்றாகத்தான் தொடங்கினார். நடுவில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. "ஒரு நிமிசம் இருங்க, வந்துர்றேன்" என்று எழுந்து போய்விட்டார். நாங்கள் காலி நாற்காலியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். திரும்பிவந்து, விட்ட இடம் மறந்து வேறொரு இடத்தில் தொடங்கினார். தப்பான பொத்தானை அமுக்கினார். பாட்டு காணாமல் போனது. "ஆத்தி" என்றார். அதை எப்படித் திருப்பி எடுப்பது என்று காட்டினார். அதோடு விட்டாரா? பதிவாகியிருந்த குழந்தையின் அழுகையை வெட்டி எடுத்து, அதை ஒரு பாட்டில் தாளம் விழுகிற இடமாகப் பார்த்து ஒட்டி, "பாருங்க, எங்க பாப்பா பாடுது" என்று போட்டுக் காண்பித்தார். பக்கிரிசாமி சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. பாடத்துக்கு வெளியே போனதற்குக் கழித்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, பதிவு செய்கிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று கடைசிவரை அவர் காட்டவேயில்லை. "இந்தா, இங்கதான் இருக்கு" என்கிறார். எங்கே? திரையில் ஒன்றும் இல்லை. அதற்குத் தனியாகக் கழித்தேன்.

கூட்டினால் முப்பத்து நான்கு.

உங்களுக்குத் தெரியாது, எந்தத் திருத்துநரும் முப்பத்து நான்கு போடமாட்டார். முப்பத்தைந்து வந்தால் தேர்ச்சி. ஒரு மதிப்பெண்ணில் ஒரு பிள்ளை விழுந்துவிடுமே என்று எங்கேயாவது ஒன்றைத் தேடிப்பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். நான் கொடுக்கமாட்டேன். முப்பத்து நான்கு என்றால் முப்பத்து நான்கு.

"சார், அந்த அழுத கொழந்தைக்கு ஒரு மார்க் போடுங்க சார்," என்றார் பக்கிரிசாமி.

"கொழந்தை பரீட்சை எழுதலை."

புஷ்பவல்லி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒரு மார்க்குதானேங்க. கைப்புள்ளய வச்சிக்கிட்டு சொல்லிக் குடுக்குது. போட்டு விட்டா என்ன?"

"இரக்கத்துக்கு விடைக்குறிப்புல எடம் இல்ல."

"ஆமாமா, எங்க இருந்திருக்கு," என்றாள். பிறகு, "பெயிலானதெல்லாம் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் பண்ண மாட்டோம். ஒதுக்கிருவோம்."

"அப்ப அது எனக்கு," என்றாள். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

முடிவுகள் தயாராவதற்குள் அறுவை சிகிச்சை நாள் வந்துவிட்டது. தாமதம் என்று சொல்லக்கூடாது. முகாம் என்றால் முடிவு தள்ளிப்போகும், அரசாங்கத்துக்கே தள்ளிப்போகிறது. கடலூரில் சேர்த்தோம். நல்லபடியாக நடந்தது. அடுத்த நாள் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கழுத்தில் கட்டு. பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவள் மனசு எதையோ எதிர்பார்க்கிறது என்று எனக்குத் தோன்றியது. சொன்னேன், "புஷ்பா, ரிசல்ட் வந்திருச்சு. முதலிடத்த முடிவு பண்ணிட்டோம்."

என்னையே பார்த்தாள்.

முதலிடம் பெற்றவர் உண்மையிலேயே சிறந்த ஆசிரியர். ஒலி என்றால் என்ன, அலை என்றால் என்ன, காது எப்படி வேலை செய்கிறது என்று அடியிலிருந்து கட்டிக்கொண்டு வருகிறார். பன்னிரண்டாவது வீடியோவில்தான் மென்பொருளையே திறக்கிறார். அதையெல்லாம் அவளிடம் விவரமாகச் சொன்னேன். கேட்டுவிட்டு என் கையை இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் குலுங்கிற்று. வலி போலிருக்கிறது என்று நர்ஸைக் கூப்பிட்டேன். நர்ஸ் பார்த்துவிட்டு, "அம்மா சிரிக்கிறாங்க சார், தையல் பிரிஞ்சிடும், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள்.

குரல் மாறித்தான் போயிற்று. பேசினால் காகிதம் உரசுகிற மாதிரி வருகிறது. நாலு வார்த்தைக்கு ஒருதரம் மூச்சு வாங்கவேண்டும். நாளாக ஆக இன்னும் கொஞ்சம் தேறும் என்கிறார்கள். பாட்டு வராது.

போன வாரம் அவளே இந்தப் பென் டிரைவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

"என்ன இது?"

"நலங்கு."

"எப்பப் பாடின?"

"நீங்க மார்க் போட்டுக்கிட்டிருந்தப்ப."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"நீங்க பெயில் போட்டீங்களே, அந்தப் பொண்ணு. அது தப்பு பண்ணிட்டு, அதச் சரி பண்றதையும் சொல்லிக் குடுக்குது. மத்தவங்க தப்பே பண்ண மாட்டேங்கிறாங்க. நான் என்னத்தக் கத்துக்கறது?" மூச்சு வாங்கிக்கொண்டு, "பொத்தான் அந்த அட்டைக்குப் பின்னாடிதான் இருந்திச்சு" என்றாள்.

அட்டை எல்லோருக்கும் பொதுவாகத்தான் இருந்தது. இருந்தாலும் நான் வாதம் செய்யவில்லை, உடம்பு சரியில்லாதவள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு சரிபார்க்க உட்கார்ந்தேன். தம்பி, சும்மா சொல்லக்கூடாது, பதிவு சுத்தமாக இருக்கிறது. காற்றில்லை, இரைச்சலில்லை. ஆனால் என்ன ஆகியிருக்கிறதென்றால், நான் ஹாலில் வாசித்ததெல்லாம் கதவைத் தாண்டிப்போய் அவள் மைக்கில் விழுந்திருக்கிறது. அதுவும் எங்கெங்கே விழுந்திருக்கிறது என்று கேளுங்கள்.

"சட்டை கசங்காத மாப்பிள்ளைக்குச் சமையல் தெரியுமா?" என்று பாடுகிறாள். உடனே என் குரல்: "படிகள் இல்லை. விடை மட்டும்தான் இருக்கு."

"மாப்பிள்ளை அம்மா வச்ச மொச்சைக் குழம்புக்கு மார்க்கு எத்தனை?" என்கிறாள். என் குரல்: "முப்பத்தி நாலு. பெயில்."

"நாத்தனார் ரெண்டு பேரும் போட்ட கோலம் சரியா?" "கூட்டல் சரி."

ஒரு இடமில்லை, இரண்டு இடமில்லை. கேள்வி முடிகிறது, நான் விழுகிறேன். தாளம்கூடத் தப்பவில்லை. நிகழ்தகவுக் கணக்குப் போட்டுப்பார்த்தேன். நான் பேசியது நாள் முழுக்க, அவள் பாடியது கொஞ்ச நேரம். இத்தனை இடத்தில் இப்படிப் பொருந்துவதற்கான வாய்ப்பு பல லட்சத்தில் ஒன்று. ஆனாலும் பூஜ்யம் இல்லை. அபூர்வம் நடக்காது என்று கணிதம் சொல்வதில்லை. பக்கிரிசாமியைக் கூப்பிட்டுக் காண்பித்தேன். "சார், இது தானா விழுந்தது இல்ல சார்" என்றார். வேதியியல்காரர், நிகழ்தகவு அவருக்குப் பிடிபடாது.

அவளிடமே கேட்டேன். "உன் பாட்டுல என் குரல் வருதே."

"வருது."

"எடுக்க முடியாதா?"

"முடியும்."

"அப்புறம்?"

"எடுக்கல."

பாவம், களைத்துப் போயிருக்கிறாள். அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

நலங்கில் பெண்கள் பாடினால் அது கேலி. பெண்ணைப் பெற்றவன் சொன்னால் அது வழக்கு. சம்பந்தி அம்மாள் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அதோ, பச்சைப் பட்டு. அவர்கள் வைத்த மொச்சைக் குழம்பை நான் சாப்பிட்டிருக்கிறேன், இரண்டாந்தரம் கேட்டும் வாங்கியிருக்கிறேன். நாளைக்குத் தாலி கட்டவேண்டும், இன்றைக்கு மைக் செட்டில் நான் பெயில் என்று சொன்னால் என்ன ஆகும்? இவளுக்கென்ன, குரல் போய்விட்டது, பேசாமல் இருந்துகொள்வாள். பதில் சொல்லவேண்டியவன் நான்.

யார் கை காட்டுகிறார்கள்? நலங்கு தொடங்கிவிட்டதா? குழலி உட்கார்ந்துவிட்டாள். இப்போது வெட்ட நேரமில்லையா? இல்லைதான். சரி, ஒன்று செய்வோம். நீங்கள் ஓடவிடுங்கள். நான் பக்கத்திலேயே நிற்கிறேன். என் குரல் வரும் இடத்தில் கையைத் தூக்குவேன், நீங்கள் சத்தத்தைக் குறைத்துவிடுங்கள். புரிந்ததா? கையைத் தூக்கினால் குறைக்கவேண்டும்.

போடுங்கள்.

ம். அவள்தான். பங்குனி மாசத்துக் குரல்.

எவ்வளவு மேலே போகிறாள் பாருங்கள். ஹெட்போனில் இது தெரியவில்லை. நான் குறுக்கே விழுகிற இடங்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இதோ வருகிறது, சமையல் தெரியுமா, இப்போது, குறையுங்கள். தம்பி, கையைத் தூக்கிவிட்டேன். குறைக்கவில்லையே நீங்கள்.

சிரிக்கிறார்கள்.

மாப்பிள்ளையும் சிரிக்கிறார். சரி, அவருக்குச் சமையல் தெரியாதுதான். அடுத்ததுதான் ஆபத்து. மொச்சைக் குழம்பு. தயவுசெய்து கையை அந்தத் திருகில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை என்கிறாள், இப்போது, இப்போது.

போயிற்று. பெயில் போட்டாயிற்று.

சம்பந்தி அம்மாள் என்ன செய்கிறார்கள்? முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறார்கள். அழுகிறார்களா? நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள், எனக்குத் தூரப்பார்வை சரியில்லை. சிரிப்பா? கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார்களா? பக்கத்தில் இருப்பவரை அடித்து அடித்துச் சிரிக்கிறார்களா? இங்கே எதற்குக் கும்பிடுகிறார்கள்? வணக்கம் அம்மா, வணக்கம்.

சரி. இருக்கட்டும். கையைக் கீழே போட்டுக்கொள்கிறேன்.

இது என்ன பாட்டு? இது நான் கேட்காதது. அன்றைக்கு இந்த இடத்துக்கு வரும்போது பந்தல்காரர் வந்துவிட்டார், எழுந்து போய்விட்டேன். மெதுவாகப் பாடுகிறாள். என்ன சொல்கிறாள், கொஞ்சம் ஏற்றுங்கள், கேட்கவில்லை.

"மஞ்சள் அரைச்சாச்சு, மாலையுமே கட்டியாச்சு,
மகளத் தாரை வார்க்கும் வாத்தியாரு ஓரத்துல நின்னாச்சு,
ஊருக்கெல்லாம் மார்க்குப் போட்ட மகராசன் அவரு,
கட்டிக்கிட்ட பொம்பளயின் பாட்டுக்கு எத்தனை போட்டாரு?"

நின்றுவிட்டதே. நின்றுவிட்டதா? மிஷினைப் பாருங்கள். ஓடுகிறது என்றால் ஏன் சத்தம் வரவில்லை? இந்த இடத்தில் என் குரல் இல்லையா? மற்ற எல்லா இடத்திலும் விழுந்ததே. இங்கே ஒன்றையும் காணோமே. வெறுமனே விட்டிருக்கிறாள்.

எல்லோரும் ஏன் இந்தப் பக்கம் திரும்புகிறார்கள்? குழலியும் பார்க்கிறாள். புஷ்பவல்லி எழுந்துவிட்டாள். கையில் என்ன, உங்கள் மைக்கா? அதை எடுத்துக்கொண்டு எங்கே வருகிறாள்? ஒயர் எட்டாது என்று சொல்லுங்கள். எட்டுகிறதா? இவ்வளவு நீள ஒயர் எதற்கு வைத்திருக்கிறீர்கள்?

புஷ்பா, இத எங்கிட்ட எதுக்கு நீட்டுற? எல்லாரும் பாக்குறாங்க. நான் என்ன சொல்றது? நான் இன்னும் முழுசாக் கேக்கவே இல்லியே. முழுசாக் கேக்காம மார்க் போடக்கூடாது, அது முகாம் விதி. இல்ல, சாக்கு இல்ல. நெசமாத்தான் சொல்றேன். இப்படி உக்காரு, மூச்சு வாங்குது பாரு உனக்கு.

தம்பி, அந்த நாற்காலியை இப்படிக் கொடுங்கள், நானும் உட்கார்ந்துகொள்கிறேன். முதல் பாட்டிலிருந்து திரும்பப் போடுங்கள். எதையும் குறைக்கவேண்டாம்.